அயர்லாந்துப் பாட்டுக்கு எங்கள் ஆட்கள் சொன்ன கருத்து

சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்புக்கு வந்திறங்கிய வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான். உங்கள் வாவியில் மீன் பாடுமாமே, உண்மையா? நான் அப்போது நிவாரண நிறுவனம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் புளித்துவிட்டது. வீடு போய், வள்ளம் போய், ஆட்களும் போய் நிற்கிற நேரத்தில் மீன் பாடினால் என்ன, பாடாவிட்டால் என்ன. அந்தக் கேள்வியைக் கேட்காத ஒரே ஆள் அயர்லாந்திலிருந்து வந்த ஒரு பெண். எங்கள் வீடமைப்புத் திட்டத்தின் பொறியியலாளர். ஆனால் அவர் அதைவிடச் சிக்கலான ஒன்றைக் கேட்டார். வந்த கிழமையே வாகனத்தில் ஒரு சீடியைப் போட்டுவிட்டு, இது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

அவரை நாங்கள் எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். அந்தச் சீடியில் ஒன்பது பாட்டு. பாடியது அவருடைய தம்பி சேர்ந்திருந்த குழு. தங்கள் நாட்டார் பாட்டை எடுத்து, அதற்கு மின்கிட்டாரும் மேளமும் சேர்த்துச் செய்தார்களாம். நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவதுபோல அடியில் ஓர் ஊதல் விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதன்மேல் ஒரு வயலின் இழுபடும். அதற்கும் மேலே ஓர் ஆண்குரல், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல வாய்க்குள்ளேயே பாடும். அவர்கள் ஊரிலேயே கேட்டவர்கள் இரண்டுபட்டு நின்றார்களாம். பாதிப்பேர் இப்படி ஒன்று வந்து எத்தனை காலம் என்று கொண்டாடினார்கள். மீதிப்பேர் இதைக் கேட்டால் சோறு இறங்காது என்றார்கள். சோறு என்பது என் மொழிபெயர்ப்பு. அயர்லாந்தைக் கண்ணாலும் காணாதவர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டுத் தம்பிக்கு எழுத வேண்டும் என்பது மிஸ்ஸின் ஆசை.

எனக்கு அது பிடிக்கவில்லை. எரிச்சல் வந்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட அங்குமிங்கும் நடந்துகொண்டுதான் நிற்பேன். அந்தப் பாட்டுகளோ புறப்படும், வெகுதூரம் போகும், எங்கேயும் போய்ச் சேராது. கேட்கக் கேட்க வாகனத்தின் கதவைத் திறந்து இறங்கி நடக்கலாம் போலிருக்கும். ஆனால் மிஸ் கேட்டபோது மிகவும் நல்லது என்றேன். சம்பளம் தருகிற இடத்தில் வேறென்ன சொல்வது.

நான் மட்டுமல்ல, எல்லோருமே அதைத்தான் சொன்னார்கள். முகாம்களில் வாகனத்தின் கதவுகளைத் திறந்துவைத்து மிஸ் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டுவார். வாளியோடு தண்ணீருக்கு நிற்கிற பெண்கள் மரியாதையாக முழுப் பாட்டையும் கேட்பார்கள். கேட்டு முடிந்ததும் எல்லோரும் ஒரே குரலில், "நல்லம் மிஸ்" என்பார்கள். அந்த ஒரு வருடத்தில் எங்கள் சனத்துக்குப் படிந்த பழக்கம் அது. கொப்பியும் பேனையுமாக யார் வந்து கருத்துக் கேட்டாலும் நல்லம் என்று சொல்லிவிட வேண்டும். ஒழுகுகிற கூடாரம் நல்லம். பூச்சி விழுந்த பருப்பு நல்லம். இந்த ஊர் வெயிலுக்குக் கம்பளிப் போர்வை கொண்டுவந்து தந்தார்கள், அதுவும் நல்லம். குறை சொன்னால் அடுத்த தடவை வாகனம் வேறு கிராமத்துக்குப் போய்விடும் என்ற பயம். மிஸ்ஸுக்கு இது விளங்கவில்லை. தம்பியின் பாட்டு மட்டக்களப்பில் பெரிய வெற்றி என்று நினைத்துக்கொண்டார்.

உண்மை சொல்லத் தொடங்கிய முதல் ஆள் எங்கள் வாகனத்தின் சாரதி. காத்தான்குடிக்காரர், என்னைவிட நன்றாக மூத்தவர். நான் அவரை நானா என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். தினமும் புளியந்தீவிலிருந்து வடக்கே பனிச்சங்கேணி வரை ஓடிப் போய்த் திரும்புகிற ஓட்டத்தில் அந்த ஒன்பது பாட்டும் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. ஒருநாள் மிஸ் இறங்கிப் போன பிறகு ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி சொன்னார்.

"தங்கச்சி, இந்த மனிசன் என்னத்தையோ துலைச்சிட்டாரு. அதத்தான் ஒம்போது பாட்டுலயும் தேடுறாரு. கெடைச்சிரிந்தா முதல் பாட்டோட முடிச்சிட்டு வீட்ட போயிரிப்பாரு."

அதை நான் மிஸ்ஸிடம் சொன்னேன். ஆழமான தேடல் உள்ள இசை என்று நானா கருதுகிறார் என்று சொன்னேன். என் தொழில் அது. ஒருவர் வாயிலிருந்து வந்ததை மற்றவர் காதுக்கு இதமாக்கிக் கொடுப்பது. அப்படிச் செய்யாமல் உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தால் அந்த வருடம் பாதி வீடும் எழும்பியிராது. இதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

வடக்கே போகும் வீதியில் ஓர் இராணுவச் சாவடி, அதைத் தாண்டினால் புலிகள் இயக்கத்தின் சாவடி. இரண்டுக்கும் முன்னால் நானா பாட்டைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, வேகத்தைத் தளர்த்துவார். ஒருநாள் குறைக்க மறந்துவிட்டார். இராணுவச் சாவடியில் நின்ற சிப்பாய் தலையை உள்ளே நீட்டி, அடையாள அட்டையைக் கேட்காமல் பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு அவன் சிங்களத்தில், இது செத்த வீட்டுப் பாட்டா என்று கேட்டான். இல்லை, சும்மா பாட்டு என்று நானா சொன்னார். சும்மா யார் இப்படிப் பாடுவார்கள் என்று சொல்லிவிட்டு எங்களை விட்டுவிட்டான். அவன் சொன்னதையும் மிஸ்ஸுக்கு மாற்றிச் சொன்னேன். இசை மனதைத் தொட்டதாம் என்றேன்.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நானா வாகனத்தை ஓட்டிக்கொண்டுபோன பனிச்சங்கேணியில்தான் என் அக்கா இருந்தாள். எங்கள் பக்க வழக்கப்படி தாய்வீடும் அதைச் சுற்றிய வளவும் மூத்த பெண்ணுக்குத்தான். அம்மா அதை அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தார். எனக்குப் படிப்பு. அம்மாவும் அப்பாவும் போன பிறகு நான் டவுனில், புளியந்தீவில் ஒரு வாடகை வீட்டில் ஒண்டிக்கொண்டேன். அக்கா அங்கேயே இருந்தாள். அத்தான் கடற்கரையில் கரைவலை இழுக்கப் போனவர், அந்த அலை நாளன்று திரும்பி வரவில்லை. உடலைக் கண்டெடுத்து அடக்கம் செய்தோம். பிள்ளைகள் இல்லை. வீடு அடித்தளம் மட்டும் மிச்சமாக நின்றது. அந்த அடித்தளத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடாரத்தைப் போட்டுக்கொண்டு அக்கா மறுபடியும் கருவாடு காயவைக்கத் தொடங்கிவிட்டாள்.

என்னோடு டவுனுக்கு வா என்று கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போனது. வரமாட்டாள். அந்தக் காலம் முழுக்க என் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தது இந்த ஒன்றுதான். அவள் அங்கே தனியாக இருக்கக் கூடாது. பகலில் வேலை, இரவில் இந்த யோசனை. அவளுடைய வளவில் மிஸ்ஸின் திட்டத்தில் புதுவீடு எழும்பத் தொடங்கியபோது எனக்குச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை. வீடு முடிந்தால் அவள் அசையவே மாட்டாள் என்று தெரியும்.

சுவர் எழும்பிக்கொண்டிருந்த ஒரு நாளில் மிஸ் அக்காவுக்கும் பாட்டுப் போட்டுக் காட்டினார். அக்கா கருவாட்டைத் திருப்பிப் போட்டபடியே கேட்டாள். முடிந்ததும் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

"எங்கட அம்மன் கோயில்ல உடுக்கு அடிச்சா கொஞ்ச நேரத்தில ஆருக்காவது தெய்வம் வரும். இவர் விடிய விடிய அடிக்காரு, ஒண்டும் வருகுதில்ல. நிப்பாட்டச் சொல்லு புள்ள, பாவம், களைச்சிருவாரு."

இதை இதமாக்க எனக்கு ஒரு கணம் பிடித்தது. உங்கள் இசையில் ஒரு பக்தி உணர்வு உண்டு என்று அக்கா சொல்கிறார் என்றேன். ஆனால் மிஸ் என்னைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம், அவர் சொன்னதை அப்படியே சொல்லு என்றார். வேறு வழியில்லாமல் உடுக்கிலிருந்து களைப்பு வரை சொன்னேன். மிஸ் சீமெந்து மூடை மேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். இங்கே வந்து இத்தனை மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் கருத்து இது என்றார்.

அதன்பிறகு அவர் வேறு ஒருவரிடமும் கேட்கவில்லை. பனிச்சங்கேணிக்குப் போகிற நாளெல்லாம் ஒரு பாட்டு, அதற்கு அக்காவின் தீர்ப்பு. இரண்டாம் பாட்டு, பொருத்தம் பார்த்துக் கலியாணம் குழம்பிப்போன வீடு மாதிரியாம். நாலாம் பாட்டு பரவாயில்லையாம், வலை இழுக்கிறவர்களுக்கு உதவும். ஆறாம் பாட்டைப் போட்டால் எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவாள். அந்த ஊதலை அவளால் தாங்க முடியாது. அது ஏன் மூச்சு வாங்குவதில்லை என்று கேட்டாள். மிஸ் கைகளை அசைத்து, ஆட்டுத்தோல் பையில் காற்றை அடைத்துக் கக்கத்தில் இடுக்கி ஊதுகிறார்கள் என்று விளக்கினார். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ஆட்டுக்குத்தான் பாவம்" என்றாள்.

நான் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தேன். வீடு முடிந்தது. அக்கா பால் காய்ச்சினாள். நான் நினைத்தபடியே டவுன் பேச்சை எடுத்தாலே சிரிக்கத் தொடங்கினாள்.

அடுத்த வருடம் சண்டை மறுபடியும் தொடங்கியது. முதலில் வீதி நாள் விட்டு நாள் மூடியது. பிறகு மூடியபடியே இருந்தது. நிறுவனம் வடக்குப் பக்க வேலையை நிறுத்தி மிஸ்ஸைத் திருப்பி அழைத்துக்கொண்டது. போகிற அன்று அவர் சீடியை என் கையில் தந்து, அக்காவுக்குக் கொடு, இன்னும் மூன்று பாட்டுக்கு அவர் கருத்துச் சொல்லவில்லை என்றார். அதைக் கொடுக்க எனக்கு வழியில்லை. பனிச்சங்கேணிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஷெல் விழுகிறது என்று டவுனில் கதைத்தார்கள். யாருக்கும் சரியாக ஒன்றும் தெரியாது.

அந்தக் கிழமைகளில் நான் நடந்த நடை எனக்குத்தான் தெரியும். பஸ் நிலையத்துக்குப் போவேன், அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது வந்தார்களா என்று பார்க்க. அங்கிருந்து ஆஸ்பத்திரி. அங்கிருந்து கச்சேரி, அரசாங்க அதிபரின் அலுவலகம். கச்சேரியில் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று தெரிந்தும் போவேன். வீட்டுக்கு வந்தால் இருக்க முடியாது. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நிற்பேன். அந்த நாட்களில்தான் அந்தச் சீடியை எனக்கென்று போட்டுக் கேட்டேன். எனக்குப் பிடிக்காமல் போனதற்கு என்ன காரணமோ, அதே காரணத்துக்காக அது இல்லாமல் இருக்க முடியாமல் போனது. என்னோடு சேர்ந்து அங்குமிங்கும் நடக்க வீட்டில் வேறு யாரும் இருக்கவில்லை. மற்றப் பாட்டுகள் எல்லாம் ஏதோ ஒரு சந்தோஷத்திலோ துக்கத்திலோ போய் உட்கார்ந்துவிடும். இது உட்காராது.

பிறகு சனம் வரத் தொடங்கியது. காட்டுக்குள்ளால் நடந்தும் வாவியைத் தோணியில் கடந்தும் வந்து சேர்ந்தவர்களைப் பள்ளிக்கூடங்களிலும் கோயில் காணிகளிலும் வைத்தார்கள். நானாவின் வாகனத்தில் பாய் கொடுக்கிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு முகாமிலும் பாயை இறக்கிவிட்டு முகம் முகமாகத் தேடினேன். சித்தாண்டியில் ஒரு முகாமின் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் அக்காவின் முதுகைக் கண்டேன். முதுகே போதும் எனக்கு. "அக்கா" என்று கத்தினேன். அங்கு நின்ற பெண்களில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோரும் யாருக்கோ அக்காதானே. அவள் மட்டும் திரும்பவில்லை.

ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். திடுக்கிட்டுத் திரும்பி, என்னைக் கண்டு, என் முகத்தை இரண்டு கையாலும் தடவினாள். நான் ஏதோ சொல்லிக்கொண்டே போனேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சத்தமாச் சொல்லு புள்ள. பங்கருக்குப் பக்கத்தில ஷெல் விழுந்தது. அதுக்குப் பிறகு எனக்கு ஒண்டும் கேக்குதில்ல."

தன் குரல் எவ்வளவு பெரிது என்று தெரியாமல் அவள் சொன்னது முகாம் முழுக்கக் கேட்டது. நானா வாகனத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதார். நான் அழவில்லை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று கேட்டால் எல்லோர்மேலும், அக்காமேலும்கூட. டவுனுக்கு வா என்று எத்தனை தடவை கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு நரம்பு செத்துவிட்டது என்றார்கள். காதில் மெஷின் பூட்டியும் பயன் இல்லை. ஒருவழியாக அக்கா என் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் கேட்டது கிடைத்தது, இப்படிக் கிடைத்தது.

அவளோடு இருப்பது நான் நினைத்ததுபோல் இல்லை. முகத்தைப் பார்த்துக் கதைத்தால் உதட்டசைவில் பாதியைப் பிடித்துக்கொள்வாள். பிடிக்காத கதை என்றால் முகத்தைத் திருப்பிவிடுவாள். சண்டை பிடிக்க இதைவிட வசதி யாருக்குக் கிடைக்கும். நான் அறைக்குள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பேன், அவள் ஜன்னலால் வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கருவாடு போட டவுனில் இடமில்லை. வீட்டுச் சொந்தக்காரருக்கு மணம் ஒத்துவராது. சும்மா இருந்து பழக்கமில்லாதவள் என் அலுமாரியைத் திரும்பத் திரும்ப அடுக்கினாள்.

அவள் வந்த பிறகு சீடியைப் போட எனக்கு ஒரு மாதிரி இருந்தது. கேட்க முடியாதவளுக்கு முன்னால் உட்கார்ந்து பாட்டுக் கேட்பது பசித்தவளுக்கு முன்னால் சாப்பிடுவதுபோல. மறைத்து மறைத்துப் போட்டேன். ஒருநாள் மாலை அவள் உள்ளே வந்து, நான் அங்குமிங்கும் நடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அதத்தானே போட்டிரிக்காய்? உன்ட காலப் பாத்தாத் தெரியுது. எத்தினயாவது ஓடுது?"

விரலால் ஆறு காட்டினேன். மூக்கைச் சுளித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மிஸ் கேட்ட மிச்ச மூன்று பாட்டுக்கும் இனி அவளிடமிருந்து கருத்து வராது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த வருடமே வடக்குப் பக்கத்துச் சனத்தைத் திரும்பிப் போகலாம் என்றார்கள். பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கினார்கள். அக்கா அன்றே பையை எடுத்தாள். நான் மறித்தேன். கண்ணிவெடி இருக்கும் என்றேன். பதிவு, விசாரணை, கரைச்சல் என்றேன். அவள் முகத்தைத் திருப்பவில்லை, உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியில் எனக்குக் காரணம் தீர்ந்துபோய், "சண்டை முழுசா முடியட்டும், முடிஞ்ச மறுநாள் நானே கொண்டுபோய் விடுறன்" என்றேன். சண்டை எங்கள் ஆயுளில் முடியும் என்று நான் நினைக்கவில்லை. அக்கா தலையை ஆட்டி ஒப்புக்கொண்டாள். பையை அவிழ்க்கவில்லை, கட்டிலுக்குக் கீழே தள்ளிவைத்தாள்.

இரண்டு வருடம் கழித்து, சண்டை முடிந்ததாகச் சொன்ன நாளன்று டவுனில் வெடி கொளுத்தினார்கள். முதல் வெடிக்கே நான் மேசைக்குக் கீழே போய்விட்டேன். கொடி கட்டிய வாகனங்கள் வீதியால் போயின. எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக் கதவும் பூட்டியிருந்தது. வன்னியில் மாட்டிக்கொண்ட சொந்தங்கள் உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல் இருந்த வீடுகள் அவை. மேசைக்குக் கீழே இருந்து பார்த்தபோது அக்கா அடுப்படி வாசலில் குந்தியிருந்து மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். வெளியே அவ்வளவு சத்தம், அவளுடைய கை ஒரு தடவைகூட நிற்கவில்லை. பிறகு எதேச்சையாக நிமிர்ந்தவள் என்னைக் கண்டாள்.

"அங்க என்ன புள்ள செய்றாய்?"

வெளியே வந்து, அவள் முகத்துக்கு நேரே நின்று, சண்டை முடிந்துவிட்டதாம் என்றேன். இரண்டு தடவை சொல்லவைத்தாள். பிறகு எழும்பிக் கையைக் கழுவினாள். மகிழ்ச்சியோ துக்கமோ ஒன்றும் முகத்தில் இல்லை. "அப்ப நானாக்குச் சொல்லு, வாகனம் கொண்டுவரச் சொல்லு" என்றாள்.

நானா இப்போது சொந்தமாக ஒரு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அதிலேயே புறப்பட்டோம். நான் ஒரு கிழமைக்கு உடுப்பு எடுத்துவந்திருந்தேன். ஒரு கிழமை அங்கே இருந்து, இது சரிவராது என்று அவளுக்கே விளங்கவைத்து, திருப்பிக் கூட்டிக்கொண்டு வருவதுதான் என் திட்டம்.

வீட்டைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது. கூரையில் பெரிய ஓட்டைகள். கதவையும் ஜன்னலையும் நிலையோடு பெயர்த்துப் போயிருந்தார்கள். மின்சாரம் இல்லை. அக்கம்பக்கத்தில் கூடாரமும் தகரமுமாகச் சில வளவுகளில் ஆட்கள் தெரிந்தார்கள், ஆனால் ஒருவரும் எங்கள் பக்கம் வரவில்லை. நாங்கள் தெருவில் இறங்கினாலும் அவர்கள் உள்ளே போய்விடுவார்கள். அக்கா ஓட்டைக்குத் தறப்பாள் போட்டாள், அம்மாவின் கிணற்றை இறைக்கத் தொடங்கினாள். நான் அவள் பின்னாலேயே திரிந்தேன். அவள் முகம் என் பக்கம் திரும்பும் நேரமெல்லாம் கேட்டேன்.

"ஆராவது வந்து கூப்பிட்டா உனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஆக்கள் இரிக்காங்க."

"ஆரு இரிக்கா? ஒரு மனிசராவது எட்டிப் பாத்தாங்களா?"

அதற்கு முகத்தைத் திருப்பிவிட்டாள். பாம்பு வந்தால், கள்ளன் வந்தால், விழுந்து கிடந்தால் என்று நான் அவளுடைய முதுகுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கிழமை முடியப்போகிற நாள் பின்னேரம் எனக்கு அடக்க முடியாமல் போனது. அவள் கிணற்றடியில் பாசி சுரண்டிக்கொண்டிருந்தாள். நாளைக்கு நானா வருவார், அவளை ஏற்ற முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. நான் கொண்டுவந்திருந்த பட்டரி பிளேயரில் அந்தச் சீடியைப் போட்டேன். கதவில்லாத வாசலில் வைத்து, போகிற மட்டும் சத்தத்தைக் கூட்டினேன். அவளுக்குக் கேட்காது என்ற ஆத்திரத்தில்தான் கூட்டினேன். ஊதல் கிளம்பியது, வயலின் கிளம்பியது, அந்த மனிதர் தேடத் தொடங்கினார். நான் வீட்டுக்குள் சுவருக்குச் சுவர் நடந்துகொண்டிருந்தேன்.

இரண்டாம் பாட்டு முடியவில்லை. பக்கத்து வளவிலிருந்து ஒரு மனுஷி வேலிக் கம்பியைத் தூக்கி நுழைந்து ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் வலை தைத்துக்கொண்டிருந்த ஓர் ஆள், கையில் நூலோடு. எதிர் வளவிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள். வந்தவர்கள் என்னைப் பார்க்காமல் நேரே உள்ளே போய் அறையைப் பார்த்தார்கள், அடுப்படியைப் பார்த்தார்கள், கிணற்றடியில் அக்காவைக் கண்டுதான் நின்றார்கள். முதலில் வந்த மனுஷி நெஞ்சில் கையை வைத்து மூச்சு வாங்கினாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"என்ன புள்ள பாட்டு இது? நாங்க இவக்கு என்னவோ நடந்திட்டெண்டு ஓடி வாறம். சாவுக்கல்லவா இப்பிடிப் போடுவாங்க."

நான் பிளேயரை நிறுத்தினேன். இத்தனை நாளும் ஏன் ஒருவரும் வரவில்லை என்று கேட்டேன். என் குரலில் குற்றச்சாட்டு இருந்திருக்க வேண்டும். அவள் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னாள்.

"நீங்க ஒபிஸ் ஆக்களெண்டு தெரியும். மறுகா கொப்பியத் தூக்கிக்கிட்டு என்ன நினைக்கிறீங்க, எப்பிடி இரிக்கிறீங்கெண்டு கேப்பீங்க. எங்களுக்கு அலுத்திட்டு. நீங்க போன பிறகு வருவமெண்டு இரிந்தம்."

நான் விடவில்லை. அக்காவைக் காட்டி, இவளுக்கு ஒன்றும் கேட்காது, தெரியுமா, தனியாக எப்படி இருப்பாள் என்று கேட்டேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல.

"அவக்குத்தானே காது கேளா. எங்களுக்குக் கேக்கும்தானே."

அக்கா ஈரக் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு வந்தாள். வந்தவர்களைப் பார்த்தாள், வாசலில் இருந்த பிளேயரைப் பார்த்தாள், என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது. என் பக்கம் திரும்பினாள்.

"என்னவாம் சொல்றாங்க?"

என் வாயில் பழக்கத்துக்கு ஏதோ வந்தது. அதை விழுங்கிவிட்டு, அவள் முகத்துக்கு நேரே நின்று, உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னேன். பாட்டுச் சரியில்லையாம். செத்த வீடென்று நினைத்து ஓடிவந்தார்களாம். உனக்குக் கேட்காவிட்டால் என்ன, தங்களுக்குக் கேட்குமாம்.

அக்கா கடைசி வசனத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். அவள் அந்த மனுஷியின் கையைப் பிடித்து வாசலில் கிடந்த மர வாங்கில் உட்காரவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அது உனக்கு இப்பதானா கேட்டது?"

தேத்தண்ணி வைக்க அவள் உள்ளே போனாள். நான் வெளியே வந்து நானாவுக்குப் போன் எடுத்தேன். அக்காவின் சாமானை ஏற்ற இடம் வேண்டுமா, பெரிய வேனைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் நானா, நான் மட்டும்தான் வாறன் என்றேன்.